கோமளத்தின் வீட்டு வெயில்

"மாமா, கூடத்துல யாருமே இல்லை. விசிறி யாருக்கு வீசுது?" என்று கேட்டுக்கொண்டே கோமளம் மாவுக் கையோடு ஓடினாள்.

"இதோ வந்துடுவேன்மா. அதுக்குள்ள எதுக்கு நிறுத்தணும்?" என்றார் மாமனார் சிங்காரம், வாசலில் வெற்றிலையை மென்றபடி.

கொல்லையில் அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. குளிக்கப் போன கணவன் தண்டபாணி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரிடமோ சேவல் சண்டை பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "இதோ வந்துடுவேன் கோமளம். அதுக்குள்ள எதுக்கு நிறுத்தணும்?"

மாடியில் பட்டப்பகலில் விளக்கு. மகள் ரஞ்சிதம் கீழே ஊஞ்சலில். "இதோ வந்துடுவேன்மா. அதுக்குள்ள..."

"எதுக்கு நிறுத்தணும். தெரியும்டி" என்றாள் கோமளம்.

வெயிலை வீட்டுக்கு வீடு அளந்து ஊற்றிய பழைய காலம் அது. ஒரு மழை நாளில் அந்த வீட்டில் ஒதுங்கிய மந்திரவாதி, போகும்போது மூன்று பொருள்களைக் கொடுத்துவிட்டுப் போனான். எண்ணெய் கேட்காத விளக்கு, ஆள் கேட்காத விசிறி, விறகு கேட்காத அண்டா. கை தட்டினால் வேலை செய்யும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நிற்கும் என்றதைக் கோமளம் மட்டும்தான் காதில் வாங்கினாள். விலை என்ன என்று சிங்காரம் கேட்டார். "காசு வேண்டாம், வீட்டுக்கு வர்றதுலேர்ந்து எடுத்துக்கும்" என்றான் அவன். வீட்டுக்கு என்ன வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓசிப் பொருளை யார் கேள்வி கேட்பார்கள்?

வீட்டுக்கு வந்தது வெயில்தான். கோமளம் அப்பளம் இட்டுக் காயவைத்து விற்பவள். வேறு பிழைப்பு அந்த வீட்டுக்கு இல்லை. முதலில் மாலை கொஞ்சம் முந்தி வந்தது. பிறகு மாடு திரும்புவதற்குள் இருட்டியது. பிறகு உச்சி வேளையிலேயே, யாரோ போர்வையை இழுத்துவிட்டதுபோல, அவர்கள் முற்றம் மட்டும் மங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"ஏன்மா, உங்க வீட்டுல மட்டும் எப்பவும் விளக்கு வைக்கிற நேரம்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அரண்மனையில் கல்யாணம். அப்பளம் இவள் வீட்டிலிருந்து. பாயில் கிடந்ததெல்லாம் ஈரமாய் வளைந்தது.

"இதுக்கா அழறே?" என்றான் தண்டபாணி. விளக்கைக் கொண்டுவந்து பாயருகில் வைத்தான். மாமனார் விசிறியைத் திருப்பிவிட்டார். ரஞ்சிதத்தையும் சேர்த்து மூன்று பேரும் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சியபடி சாப்பிடப் போனார்கள். மறுநாள் வெயில் இன்னும் குறைந்தது.

கோமளம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மந்திரவாதி இருக்கும் கரட்டு மலைக்கு நடந்தாள். குகைக்குள் அவன் நார்த்தங்காய் காயவைத்துக்கொண்டிருந்தான். குகை முழுக்க இருட்டு. நடுவில் மட்டும் ஒரு துண்டு வெயில். அது யாருடையது என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அதன் ஓரத்தில் அவள் வீட்டு முருங்கையின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

"என் வெயிலைக் கொடு."

"வீணாக்கினதுக்கு ஈடும்மா அது."

"நான்தான் தினம் ஓடி ஓடி நிறுத்தறேனே!"

"நீ நிறுத்தினா கணக்குல சேராது. தட்டின கையே நிறுத்தணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரு கேட்டீங்க?" என்றான் அவன். நார்த்தங்காயைப் புரட்டிப் போட்டான். "மூணு பேரும் அவங்கவங்க கையால நிறுத்தினா வெயில் திரும்பும். ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னாலும் செல்லாது."

"நான் சொல்லாம அவங்க செய்வாங்களா? பேசாம என் உயிரைக் கேட்டிருக்கலாம்."

வீட்டுக்கு வந்தாள். விசிறி ஆளில்லாமல் வீசியது. அண்டா ஆளில்லாமல் கொதித்தது. விளக்கு ஆளில்லாமல் எரிந்தது. கோமளம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மாவு பிசைந்தாள்.

"அம்மாவுக்குக் கோபம்" என்றாள் ரஞ்சிதம்.

"வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா" என்றார் சிங்காரம்.

மறுநாள் சூரியன் வந்தது, ஒரு குவளை கஞ்சி குடிக்கும் நேரம் நின்றது, போய்விட்டது. விசிறிக் காற்றில் சிங்காரத்துக்குப் பல் கிட்டியது.

"குளிருதும்மா கோமளம். அதை நிறுத்து."

அவள் மாவைப் பிசைந்தாள்.

"டேய் தண்டபாணி, நீயாவது நிறுத்து."

"எப்படிப்பா நிறுத்தறது?"

"எனக்கென்ன தெரியும்? அவதானே நிறுத்துவா."

"நீங்க பாத்ததே இல்லையா?"

"நான்தான் எழுந்து போயிடுவேனே!"

சிங்காரம் தெரிந்த மந்திரத்தையெல்லாம் சொன்னார், கடைசியில் வசவும் சொன்னார். விசிறி வேகம் கூட்டியது. தண்டபாணி அண்டாமேல் ஈரச் சாக்கைப் போட்டான். சாக்கு வெந்தது. கோமளம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்று துடித்தது.

ரஞ்சிதம் மாவு வாங்க அம்மாவின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை நடுவில் வட்டமாக, பழைய சூட்டுத் தழும்பு.

"இது எப்பம்மா?"

ரஞ்சிதம் தழும்பைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். அதன் தலையும் அதே வட்டம். எழுந்து போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "ஆ!" என்றாள். விளக்கு அணைந்தது.

தண்டபாணி இருட்டில் தடவிப் போய் அண்டாவில் கை வைத்தான். "சுடுதேடி!" என்று கத்தினாலும் எடுக்கவில்லை. கொதி அடங்கியது. சிங்காரம் கடைசியாகப் போனார். விசிறி விரலில் பளீரென்று அடித்தது. இரண்டாவது தடவை பிடித்து அழுத்தினார். நின்றது.

முற்றத்தில் வெயில் விழுந்தது. அன்றைய பங்கு மட்டும் இல்லை, போன வெயிலெல்லாம் முருங்கை நிழலோடு திரும்பி வந்தது. மலைக்குகையில் ஒருவனுடைய நார்த்தங்காய் பாதியில் நின்றது. இங்கே அப்பளங்கள் அப்போதே மொறுமொறுவென்று காயத் தொடங்கின. வெள்ளிக்கிழமைப் பந்தியில் எல்லா இலையிலும் அவை நொறுங்கின. அன்றிலிருந்து அரண்மனைக்கு அப்பளம் கோமளத்திடமிருந்துதான்.

ஆனால் வெயில் விழுந்த அந்தக் கணத்தில் கோமளம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "இத்தனை நாளா நான் வேற என்னத்தைச் சொன்னேன்?" என்றாள். பாயை உதறி விரித்தாள்.

சிங்காரம் அதற்குள் சுவரருகே போய்விட்டார்.

"வீடுன்னா சிக்கனம் வேணும்" என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் எங்க வீட்டுல ரொம்பக் கண்டிப்பு. எழுந்து போறவன் நிறுத்திட்டுத்தான் போகணும்."

கோமளம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அடுத்த அப்பளத்தை வைத்தாள்.

பேச்சுக்கு நடுவே சிங்காரம் கீழே பார்த்தார். அவருடைய நிழல் பாயின் ஒரு மூலையில் விழுந்திருந்தது. பேச்சை நிறுத்தாமல் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.