கட்டியக்காரன் விடுப்புக் கேட்ட கதை

முன்னொரு காலத்தில், அரசர் எங்கே போனாலும் அவர் பெருமையை இன்னொருவர் முன்னால் போய்ச் சொல்லியாக வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒரு நாட்டைக் கடம்பராயர் என்பவர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். புகழ்ச்சி என்றால் மட்டும் வெயிலில் வைத்த வெண்ணெயாகிவிடுவார். அவருக்கு ஏழடி முன்னால் நடந்து பட்டங்களை முழங்குவதற்கென்றே செங்கோடன் என்ற கட்டியக்காரன் இருந்தான். அவன் "பராக், பராக்" என்று குரலெடுத்தால் கோட்டைக்கு வெளியே மேய்கிற மாடுகள்கூடத் தலை தூக்கிப் பார்க்கும்.

ஒரு நாள் அயல்நாட்டுத் தூதன் ஒருவன் வந்தான். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? எங்கள் அரசருடைய பட்டங்கள் வாசலில் தொடங்கினால் அவர் அரியணையில் அமர்கிறவரை ஓயாமல் ஒலிக்கும் என்று பெருமையடித்துவிட்டுப் போனான். அன்று முழுக்கக் கடம்பராயருக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய பட்டங்கள் மண்டபத்தின் ஆறாவது தூணருகிலேயே தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் பத்துத் தூண் தூரத்தைத் தம் பாதுகையின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்து கடப்பார். இத்தனை நாள் அது குறையாகத் தெரியவில்லை. இப்போது அதுவே பெரிய மானக்கேடாகிவிட்டது.

மறுநாள் சபையில் தம் விகடகவியான பிச்சாண்டியை அழைத்து, வெள்ளிக்கிழமைக்குள் புதிய பட்டங்கள் வேண்டும் என்று ஆணையிட்டார். பிச்சாண்டி தலைவணங்குவதற்குள் ஓலைநாயகம் விருத்தகிரி எழுந்துவிட்டார். அரண்மனை ஆணைகளை எழுதுவதும், பணியாளர்களின் வரவு போக்கைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. பிச்சாண்டி வாய் திறந்தால் அரசர் சிரிப்பதும், தாம் வாய் திறந்தால் அரசர் கொட்டாவி விடுவதும் பல வருடங்களாக அவர் வயிற்றில் புகைந்துகொண்டிருந்தது.

"அரசே, பட்டங்கள் தங்கள் நடையோடு பொருந்த வேண்டாமா?" என்றார் விருத்தகிரி. "கட்டியம் ஒலிக்கும்வரை தாங்கள் நிற்கவோ திரும்பவோ கூடாது. தாங்கள் நடக்கும்வரை கட்டியம் ஓயக் கூடாது. இதில் இம்மி பிசகினாலும் பட்டங்களை இயற்றியவர் இந்த அவையை விட்டு நீங்க வேண்டும்."

அரசருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. உடனே முத்திரை வைத்துவிட்டார். விருத்தகிரிக்கு உள்ளூரக் குதூகலம். அரசர் ஒரு நாள் வேகமாக நடப்பார், ஒரு நாள் ஆடி அசைந்து நடப்பார். பட்டம் ஒன்று கூடினாலும் தொலைந்தான், ஒன்று குறைந்தாலும் தொலைந்தான் பிச்சாண்டி.

பிச்சாண்டி அன்று சபை கலைந்ததும் செங்கோடனைத் தேடிப் போனார். பட்டங்களைச் சொல்லப்போகிறவன் அவன்தானே. போனவர் அவன் முகத்தைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தான் செங்கோடன்.

அவன் மனைவி ஆவுடையாளுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாளாகியிருந்தது. பிறந்த மூன்றாம் நாள் வந்த காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும், ஆள் பக்கத்திலேயே இருந்து நேரம் தவறாமல் கஷாயம் புகட்ட வேண்டும், இல்லையென்றால் உயிருக்குத் தான் பொறுப்பில்லை என்று. இரண்டு பக்கமும் உறவென்று சொல்ல ஆளில்லை. காலையில் செங்கோடன் சபைக்குக் கிளம்பினால் திரும்ப அந்தி சாய்ந்துவிடும். அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வேலைக்கு நடுவே எட்டிப் பார்த்தால் உண்டு.

விடுப்புக் கேட்க வேண்டியதுதானே என்றார் பிச்சாண்டி. அவர் அப்படிக் கேட்டதில் தவறில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளை பெற்ற அரசி நோயில் விழுந்தபோது, அரசர் கட்டிலருகே ஒரு மண்டலம் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து நடமாடிய அன்றே ஆணை பிறப்பித்தார். அரண்மனைப் பணியாளர் எவர் வீட்டிலும் பிள்ளைப்பேறோ நோயோ வந்தால், ஊதியம் குறையாமல் ஒரு மண்டலம் விடுப்பு என்று செப்பேட்டில் பொறித்து வாசலில் மாட்டியிருக்கிறது.

செங்கோடன் சிரித்தான். பார்க்கச் சகிக்காத சிரிப்பு அது.

"செப்பேடு இருக்குண்ணே. அதைத் தினம் தொடைக்கிறாங்க, பளபளன்னு இருக்கு. ஆனா கேக்கறவன் தெக்குக் கோட்டைச் சுவர்ல இருக்கிற ஓலைச்சாவடிக்கு நேர்ல வரணுமாம். சாவடி எப்பத் தெறக்கும் தெரியுமா? சபை கூடற முரசு அடிச்சதும் தெறக்கும். கலையற முரசு அடிச்சதும் மூடிடும். சபை நடக்கையில பணியிடத்தை விட்டு ஒரு அடி நகந்தா வேலை போயிடும்."

அதாவது, விடுப்புக் கேட்கப் போவதற்கே முதலில் விடுப்பு வேண்டும். செங்கோடன் எல்லாம் செய்து பார்த்திருந்தான். பொழுது விடியுமுன் போனான், கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் மருத்துவச்சியின் சான்று ஓலையைக் கொடுத்து அனுப்பினான், நேரில் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விருத்தகிரியிடமே போய்க் கெஞ்சினான். விடுப்பு இல்லையென்று யாரப்பா சொன்னது, வந்து வாங்கிக்கொள்ளேன் என்று அவர் அன்பொழுகச் சொல்லியிருக்கிறார். அது மட்டுமா? ஆணை பிறந்து இரண்டு வருடத்தில் ஒருவர்கூட விடுப்புக் கேட்கவில்லை, தங்கள் ஆட்சியில் நோய் நொடியே இல்லை என்று அவர் அரசரிடம் ஓதி வைத்திருந்தார். அரசரும் அதை நம்பி மகிழ்ந்துபோயிருந்தார். ஊதியம் வாங்குகிறவன் வீட்டில் உட்காருவதா என்பதுதான் விருத்தகிரியின் கவலை. பாவம், அவர் வீட்டில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை போலும்.

பிச்சாண்டி வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செங்கோடா, உன் பணியிடம் எது?"

"ராஜாவுக்கு ஏழடி முன்னால."

"அது எங்கே இருக்கு?"

"இதென்ன கேள்விண்ணே. அவர் எங்க இருக்காரோ அங்க."

பிச்சாண்டியின் முகம் மலர்ந்தது. மருத்துவச்சியின் ஓலையை வெள்ளிக்கிழமை மறக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் அவர் அரண்மனை வாசலிலிருந்து தெற்குச் சுவர்வரை வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு நடப்பதைப் பார்த்தவர்கள், கவிஞருக்கு மூளை குழம்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். விருத்தகிரிக்கு அந்தச் செய்தி தேனாக இனித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. முரசு அதிர்ந்தது. அரசர் புதுப் பட்டு உடுத்தி வாசலில் வந்து நின்றார். செங்கோடன் ஏழடி முன்னால் நின்றான், அவனுக்குப் பக்கத்தில் கையில் ஓலைக்கட்டோடு பிச்சாண்டி. காலையில் ஆவுடையாள் அவனை அடையாளம் தெரியாமல் விழித்ததே செங்கோடனின் கண்ணில் நின்றது. செய்யப்போவது என்னவென்று பிச்சாண்டி அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். தலை போகிற காரியம். ஆனால் தலையை வைத்துக்கொண்டு மட்டும் என்ன செய்ய என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பிச்சாண்டி முதல் பட்டத்தைக் காதில் சொன்னார். செங்கோடன் குரலெடுத்தான்.

ஆறாவது தூண் வந்தது. கட்டியம் நிற்கவில்லை. அரசர் முகத்தில் பெருமிதம் பொங்கியது. பத்தாவது தூண், பதினாறாவது தூண், இதோ அரியணை. செங்கோடன் அரியணையை வலமாகச் சுற்றினான், நேராகத் தெற்கு வாசல் வழியே வெளியே நடந்தான். கட்டியம் மட்டும் கணீரென்று ஒலித்துக்கொண்டே இருந்தது.

அரசர் ஒரு கணம் தடுமாறினார். விருத்தகிரி ஓடி வந்து, கட்டியக்காரன் வழி தவறிவிட்டான், தாங்கள் நில்லுங்கள் என்றார். பிச்சாண்டி திரும்பிப் பார்க்காமலே, "கட்டியம் ஒலிக்கும்வரை அரசர் நிற்கக் கூடாது என்பது ஓலைநாயகத்தின் சொல், அரசரின் முத்திரை" என்றார். தம் முத்திரையைத் தாமே மீறுகிறவரா அரசர்? அதுவும் இவ்வளவு இனிமையான பட்டங்கள் வந்து விழும்போது? அவர் நடந்தார். குடை பிடிப்பவர் நடந்தார், சாமரம் வீசுகிறவர்கள் நடந்தார்கள், எதற்கென்று தெரியாமல் சபை முழுவதும் பின்னால் நடந்தது.

மடைப்பள்ளியைக் கடக்கும்போது "அன்னம் குறையா அடுப்புடையார்" என்றொரு பட்டம் வந்தது. கரண்டியும் கையுமாகச் சமையற்காரர்கள் வெளியே வந்து கும்பிட்டார்கள். யானைக்கொட்டாரத்தில் "களிறும் வணங்கும் காவலர்" என்று செங்கோடன் முழங்க, பாகர்கள் சைகை காட்ட, யானைகள் துதிக்கை தூக்கின. அரசர் சொக்கிப்போனார். அந்தக் காட்சியை ரசித்து ரசித்து நடையைத் தளர்த்திவிட்டார். அங்கேதான் வந்தது வினை. நாலடிக்கு ஒரு பட்டம் என்று பிச்சாண்டி எண்ணி வைத்திருந்தார். அரசரோ இப்போது புதுமாப்பிள்ளை போல அடிமேல் அடி வைத்தார்.

ஓலைச்சாவடி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நாற்பதடி இருக்கும். பிச்சாண்டி கையிலிருந்த கடைசி ஓலையும் தீர்ந்தது. அவர் முகம் வெளுத்தது.

"அவ்வளவுதாண்டா. எனக்கு வார்த்தை வரலே. நீயே எதாவது சொல்லு."

இருபது வருடமாகப் பிறர் கட்டிய பட்டங்களைச் சொன்னவன் செங்கோடன். சொந்தமாக ஒரு வார்த்தை சபையில் பேசியதில்லை. இப்போது நின்றால் பிச்சாண்டியின் பதவி போகும், விடுப்பும் போகும், வீட்டில் கிடக்கிறவள் கதி என்னாகும்? வாய் திறந்தான், அவன் மனத்தில் இருந்ததே வெளியே வந்தது.

"அரசியின் கட்டிலருகே அமர்ந்திருந்தவர். மருந்துக் கிண்ணத்தைத் தம் கையால் ஏந்தியவர். கண்ணுறங்காமல் காத்தவர். தம் வீட்டுத் துயரில் பிறர் வீட்டுத் துயரை அறிந்தவர். பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இருக்கப் பணியாளனுக்கும் மண்டலம் தந்தவர். பராக், பராக்."

சாவடியின் சாளரத்துக்கு நேர் எதிரே வந்து கட்டியம் ஓய்ந்தது. ஏழடி பின்னால் அரசரும் நின்றார். அரசரின் கண் கலங்கியிருந்தது. இத்தனை பட்டங்களிலும் நடந்ததைச் சொன்னவை அந்தக் கடைசிச் சில பட்டங்கள்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

செங்கோடன் இடுப்பிலிருந்து மருத்துவச்சியின் ஓலையை எடுத்துச் சாளரத்துக்குள் நீட்டினான். உள்ளே விசிறிக்கொண்டிருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே பெயர் என்ன, பணி என்ன, நோயுற்றவர் யார், என்ன உறவு, எத்தனை நாள் என்று கேட்டார். ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான்.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு விருத்தகிரி வந்துவிட்டார். சபை நேரத்தில் பணியிடம் விட்டு நீங்கிய குற்றவாளி இவன், பிடியுங்கள் என்றார்.

"ஐயா, என் பணியிடம் அரசருக்கு ஏழடி முன்னால்" என்றான் செங்கோடன். "அளந்து பார்க்கச் சொல்லுங்கள்."

அரசர் குனிந்து தம் காலைப் பார்த்தார், செங்கோடன் காலைப் பார்த்தார். பிறகு சாளரத்தருகே போய், இரண்டு வருடத்தில் எத்தனை பேர் விடுப்புக் கேட்டு வந்தார்கள் என்று எழுத்தரிடம் கேட்டார். எழுத்தர் அப்போதுதான் நிமிர்ந்தார். விசிறி கைநழுவி விழுந்தது. "இவர்தான் முதல் ஆள், மகாராஜா. வேறு யாராலும் சபை நேரத்தில் இங்கே வர முடியாதே" என்று உண்மையைக் கொட்டிவிட்டார்.

அரசரின் மீசை துடித்தது. விருத்தகிரி முடிந்தார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தாம் அரியணையைச் சுற்றிக்கொண்டு, மடைப்பள்ளியும் யானைக்கொட்டாரமும் கடந்து, பட்டும் பீதாம்பரமுமாக ஒரு கட்டியக்காரனின் விடுப்புக்கு வரிசையில் வந்து நிற்பதை அரசர் நினைத்துப் பார்த்தார். சிரிப்புப் பீறிட்டது. குடைக்காரர் தாங்கிப் பிடிக்கும்வரை சிரித்தார். சபை முழுக்கச் சிரித்தது, ஒருவரைத் தவிர.

சிரித்து ஓய்ந்ததும் தம் கணையாழியைக் கழற்றிச் செங்கோடனின் ஓலையில் தாமே முத்திரை வைத்தார். இனி விடுப்புக் கேட்க யாரும் எங்கும் வர வேண்டாம், ஓலைநாயகமே தினமும் ஓலையும் எழுத்தாணியுமாக மடைப்பள்ளி, கொட்டாரம், குதிரைலாயம் என்று ஒவ்வொரு பணியிடமாகப் போய், உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டு எழுதி வர வேண்டும் என்றார். இந்த ஒரு மண்டலத்துக்குக் கட்டியம் சொல்லவும் ஆள் வேண்டுமே என்று யோசித்தவர், அதையும் அவருக்கே கொடுத்தார். விருத்தகிரியின் கீச்சுக்குரலில் பட்டங்களைக் கேட்க மறுநாள் ஊரே திரண்டதாம்.

பிச்சாண்டிக்குத் தம் முத்துமாலையை அணிவித்து, வேறென்ன வேண்டும் என்று அரசர் கேட்டார். அரண்மனை வைத்தியர் இந்த நொடியே ஆவுடையாளைப் பார்க்கப் போக வேண்டும் என்றார் பிச்சாண்டி. அரசர் தம் பல்லக்கையே வைத்தியருக்குக் கொடுத்தனுப்பினார். செங்கோடனையும் ஏறச் சொன்னார்கள். அவன் ஏறவில்லை, பல்லக்குக்கு முன்னால் ஓடினான்.

வைத்தியரின் மருந்து நான்காம் நாள் வேலை செய்தது. காய்ச்சல் விட்டு, ஆவுடையாள் தெளிவாகக் கண் விழித்தாள். நடுப்பகலில் புருஷன் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வேலை போய்விட்டதோ என்று பதறினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னான். யானை துதிக்கை தூக்கியதைக்கூட விடவில்லை. அவள் பாதியைத்தான் நம்பினாள்.

"நாப்பத்தெட்டு நாளும் வீட்டுலயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"ராஜா சொல்லியாச்சா?"

"முத்திரையே வச்சாச்சு."

"அப்ப இவளைப் பிடிங்க" என்று குழந்தையை அவன் மடியில் வைத்தாள் ஆவுடையாள். "நான் கொஞ்சம் தூங்கணும்."