ஒரு கீறல் விழுந்தாலும் பொண்ணு கிடையாது

புளிச்சங்குறிச்சிக்காரர்கள் மூளையை வீணாகச் செலவழிக்கிற ஆட்கள் இல்லை. அந்த ஊர் மருதையனுக்கு ஒரு வழியாகப் பெண் அமைந்துவிட்டது. மாமனாராகப் போகிற சிங்காரவேலுவுக்கு இரண்டே செல்வங்கள்: மகள் செண்பகவல்லியும், அப்பா காலத்து மோரிஸ் காரும். எது ஒசத்தி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் காரை நிறுத்தி, மருதையன் கையில் துணியும் பாலிஷும் கொடுத்தார்.

"மாப்ளே, பக்கவாட்டுல ஓடுதே எவர்சில்வர் பட்டை, அது பளபளன்னு ஆகணும். ஒரே திசையில தேய்க்கணும். போன கை திரும்பி வரப்படாது. வந்தா கீறல் விழும். ஒரு கீறல் விழுந்தாலும் பொண்ணு கிடையாது, ஆமா!"

அவர் குளிக்கப் போய்விட்டார். மருதையன் துணியை நாலாக மடித்தான். பெண் பார்க்கப் போனபோது "காபி சுடுது" என்று அவன் சொன்னதும், ஓடிப்போய் ஃபேனை டம்ளர் பக்கம் திருப்பி வைத்தவள் செண்பகவல்லி. அப்படிப்பட்ட பெண்ணை விட மனசு வருமா?

முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஒரே இழுப்பாக இழுத்தான். பட்டை முடிந்துபோய்க் கை அந்தரத்தில் நின்றது.

"கையைத் தூக்கிட்டு மறுபடி முன்னாலருந்து தேய்" என்றான் பங்காளி சன்னாசி.

"அடப்பாவி! கை திரும்பினதா ஆகாதா? என் கல்யாணத்தைக் கெடுக்கவே வந்தியா?"

இன்னொரு பங்காளி வெள்ளையப்பன் தாடையைச் சொறிந்தான். "நீ துணியோட அசையாம நில்லு. நாங்க காரைத் தள்ளுறோம். பட்டை தானா உரசிக்கிட்டுப் போகும். கார் உன்னைத் தாண்டினதும் முன்னால ஓடிப்போய் நில்லு. காரும் முன்னால, நீயும் முன்னால. எவன் திரும்பினான் சொல்லு?"

மருதையன் துணியைப் பட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பங்காளிகள் தள்ளினார்கள்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"அதெல்லாம் ஆகும். பாலிஷ் போடுறோம்" என்றான் சன்னாசி. அவர் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் சாலை இடதுபக்கம் வளைந்தது.

"வளையுதேடா!" என்றான் சன்னாசி.

"வளையட்டும். அதுக்கு நாம ஏன் திரும்பணும்?"

கார் நேராகக் கடலைக்கொல்லைக்குள் இறங்கி, ஊருணி விளிம்பில் போய் நின்றது. அங்கேதான் சிங்காரவேலு வந்து பிடித்தார். அவர் வந்த வேனிலேயே மணப்பெண், ஐயர், மேளக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"மடப்பசங்களா, காரைத் திருப்புங்கடா!"

மருதையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "திருப்பச் சொல்லிட்டு அப்புறம் பொண்ணு இல்லேம்பீங்க. நான் மாட்டேன் மாமா."

சிங்காரவேலு தலையில் அடித்துக்கொண்டார்.

செண்பகவல்லி இறங்கி வந்து காரைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "அவரை ஏம்ப்பா திட்டுறீங்க? பாலிஷ் போட்டா கழுவணும்ல? நேராப் போனா அதுவும் ஆச்சு" என்றாள். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குத் தோள் கொடுத்தாள். மருதையனுக்கு மனசு நிறைந்துபோனது.

கார் ஊருணிக்குள் போயே போய்விட்டது. கூரை மட்டும்தான் தெரிந்தது.

சிங்காரவேலு சட்டையைக் கழற்றிப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கினார். பட்டையை முழுசாகத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். தலையில் பாசி. "ஒரு கீறல் இல்லை" என்றார் அழாத குறையாக. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனுஷன். கரையிலேயே தாலி கட்டச் சொன்னார்.

கெட்டிமேளம் கொட்டி முடிந்தது. "பொண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியை வலம் வாங்கோ" என்றார் ஐயர்.

மருதையன் நகர மறுத்தான். "சாமி, சுத்தினா புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரணுமே! கீறல் விழாதா?"

செண்பகவல்லி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "பயப்படாதீங்க. நாம நேராவே போயிடலாம்."

நேராகவே போனார்கள். அக்கினியைத் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு, ஐயர் பின்னாலேயே ஓடினார்.