இடது கால் செருப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது கிடையாது. ஒரு வருஷம் அதை நான் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தேன். நீங்கள் நாலு நிமிஷம் பொறுத்தால் தேய்ந்துவிட மாட்டீர்கள்.

முதலில் குரு. பெயர் அமலோற்பவம், எங்கள் ஓவிய டீச்சர். சீடர் தங்கமாரி, அதாவது நான். ஒன்பதாம் வகுப்பு. என் தொண்டைக்குள் எங்கள் பள்ளிக்கூடமே குடியிருக்கிறது: தலைமையாசிரியை, வாட்ச்மேன், இழுத்து அடிக்கிற கடைசி மணி உட்பட.

முதல் வகுப்பில் டீச்சர், “எதையாவது வரைங்க” என்றார்.

எல்லோரும் வரைந்தோம். ரெண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னைமரம்.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். விருதுநகர் தட்டையாகக் கிடந்தது.

“மலை எங்கம்மா இருக்கு?”

“இது பார்க்கிற மலை இல்ல டீச்சர். படத்துக்குன்னு உள்ள மலை” என்றேன்.

டீச்சர் வாசலுக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த தன் இடது கால் செருப்பை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் நொடியில் ஒரு செருப்பு வரைந்தேன்.

“நல்ல செருப்பு. யாரோடதும் இல்ல.”

“எப்படித்தான் டீச்சர் வரையணும்?”

“எச்.எம். மாதிரிப் பேசு.”

என் வித்தை இவர் காதுவரை எப்படிப் போனதோ! “டீச்சர், நான் எதுக்கு...”

“பேசு.”

பேசினேன். ஒரு சின்னச் செருமல், பிறகு ஒரு விழுங்கல், பிறகுதான் “பிள்ளைகளா.” அந்த ‘ளா’ ஒரு படி ஏறி நிற்கும். வகுப்பு உருண்டது.

“அந்த விழுங்கலை யார் சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் சொல்லல டீச்சர். தினமும் ப்ரேயர்ல கேட்டுட்டே நிப்பேன்.”

டீச்சர் செருப்பை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். பிறகு எல்லோரையும் பார்த்தார்.

“வாரா வாரம் அவங்கவங்க செருப்பை வரைஞ்சு கொண்டு வாங்க. வருஷக் கடைசியில பஸ் ஸ்டாப் பக்கத்துச் சுவர்ல படம் போடணும். தாளைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பேன்.”

எனக்கு அந்தச் சுவர் வேண்டும். ஊரிலுள்ள டவுன் பஸ் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகும். அதைவிட, யாரோடதும் இல்லாத செருப்பு என்று என் படத்தைச் சொன்னவரை ஒரு தடவை ஏமாற்றவும் வேண்டும்.

மறுநாள் தண்ணிக் குழாயடியில் என் கூட்டாளிகள் மூன்று பேரிடம் சொன்னேன். “உங்க வீட்டுப்பாடத்தை நான் போடறேன். அவங்கவங்க கை போடற மாதிரியே போடறேன்.”

“கண்டுபிடிச்சிருவாங்கடி” என்றாள் பெனாசிர்.

“உங்க உம்மா குரல்ல உன்னையே அடுப்படிக்கு ஓட வச்சவடி நான்.”

பெனாசிர் பென்சிலை அழுத்துவாள். தாளின் பின்பக்கம் தடவினால் கோடு கைக்குத் தட்டுப்படும். ரூபாவதி அழித்து அழித்துத் தாளில் பஞ்சு எழுப்புவாள். எஸ்தர், தாள் ஏதோ வேறொருத்தர் சொத்து மாதிரி, மூலையில் துளியூண்டு போடுவாள். கை கிடைத்துவிட்டது. செருப்புகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. பார்த்துப் போட்டேன். பெனாசிருடையது அவள் அக்காவின் பழசு. உள்பக்க வாரில் ஓர் ஊக்கு.

டீச்சர் தாளைத் திருப்பி விரலால் தடவினார். “அழுத்தம் போதும் பெனாசிர். பேப்பர் பாவம்.”

நான் என் புறங்கையைக் கடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. வாரத்துக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார். “எஸ்தர், மூலையை விட்டு வெளிய வா.” “ரூபாவதி, அடுத்த வாரம் ரப்பர் கூடாது.”

“சரி டீச்சர்” என்பார்கள் அவர்கள். மண்டை காய்வது எனக்கு. எஸ்தர் வெளியே வந்தால் எப்படி வருவாள்? ஒரேயடியாக நடுவில் குதிக்கிற ஆளா அவள்? நுனியை மட்டும் நீட்டுவாள். அழிக்கக் கூடாதென்றால் ரூபாவதி முதலில் வெகுநேரம் பார்த்தாக வேண்டும். அவளுக்காக நான் வாசலில் குந்திப் பார்த்தேன்.

வாட்ச்மேன் வந்து நின்றார். “என்ன பாப்பா, செருப்பு தொலைஞ்சிருச்சா?”

“கிடைச்சிருச்சுண்ணே” என்று அவர் குரலிலேயே சொன்னேன்.

மூணு பேருக்கும் போட்டு முடித்து, என் சொந்தத் தாளை மணி அடிக்கப் போகும்போது கிறுக்குவேன். டீச்சர் அதைப் பார்த்து, “ம்” என்பார்.

வருஷக் கடைசி வந்தது. டீச்சர் எல்லாத் தாளையும் தரையில் பரப்பினார்.

“சுவருக்கு மூணு பேரு. பெனாசிர், ரூபாவதி, எஸ்தர்.”

அடக்கி வைத்த சிரிப்பு தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“டீச்சர்... நான்?”

என் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். “நல்ல செருப்பு” என்றார். மீதியைச் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

“எஸ்தர், போர்டுல ஒண்ணு போடும்மா.”

எஸ்தர் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். சாக்பீஸை எடுத்தாள். ஒரு மலை போட்டாள். பக்கத்தில் இன்னொரு மலை. யோசித்து, நடுவில் சூரியனும் வைத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. நீங்களும் இருங்கள்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு மூச்சு உறிஞ்சும் சத்தம். பிறகு ஒரு கீச்சுக் குரல், கடைசி வார்த்தைக்கு முன்னாலேயே சிரிப்பு முந்திக்கொள்கிற அவசரத்தோடு:

“ஏய் எஸ்தரு! இந்த வாரம் உன் நுனி மட்டுந்தான்டி வெளிய வரும்... மிச்சம் அடுத்த வாரம்!”

“ஐயோ, அச்சு அசல் தங்கமாரி!” என்று கத்தினாள் ரூபாவதி. வகுப்பே கவிழ்ந்தது. எஸ்தர் போர்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்ன சிரிப்பு இதுதான். அது என்னுடையதாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேசுவதற்கு முன் நான் மூச்சை உறிஞ்சுவேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“தண்ணிக் குழாய் இந்த ஜன்னலுக்கு நேர் கீழ இருக்கு” என்றார் டீச்சர், தன் குரலில். எஸ்தர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார். “சுவர் நீளம். உன்கிட்ட இருக்கிற மூணு கையும் வேணும்.”

“குழாயடியில கேட்டுத்தான் கண்டுபிடிச்சீங்களா டீச்சர்?”

“அதுக்கு முன்னாடியே. முதல் தாள்லயே.”

“முதல் தாளா? கோடு பெனாசிர் கோடேதானே டீச்சர்! ஊக்கு முதக்கொண்டு போட்டிருந்தேனே!”

“போட்டிருந்த. அவ செருப்புல ஊக்கு இருக்குன்னு அவளுக்குத் தெரியுமான்னு கேளு.”

பெனாசிர் எழுந்து வாசலுக்குப் போனாள். குனிந்து உள்பக்க வாரைப் பார்த்தாள்.

“ஏய்,” என்றாள்.