குறை யார் பெயரில்

டாக்டர் செண்பகவல்லியிடம் குழந்தையின்மைச் சிகிச்சை கற்க வந்தவர் டாக்டர் இளவேனில். பத்து ஆண்டுகள் பிரசவம் பார்த்தவர். எதற்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்புகிறவர்.

ஒருநாள் கோப்பு ஒன்றோடு ஆசிரியரிடம் வந்தார்.

“பூபதி, சுகுணா. கல்யாணமாகி ஆறு வருஷம், மேடம். கருக்குழாய், கருமுட்டை, விந்தணு, எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது.”

“புத்தகம் என்ன சொல்கிறது?”

“விளக்க இயலாத குழந்தையின்மை.”

“‘தெரியாது’ என்பதற்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள்.”

இளவேனில் சிரிக்கவில்லை.

“வெளியே மாமியார் உட்கார்ந்திருக்கிறார். குறை யாரிடம் என்று இன்றே எழுத்தில் வேண்டுமாம். மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார். காலையில் பூபதி தனியாக வந்து, ‘எனக்குத்தான்னு எழுதிக் குடுத்துருங்க. அம்மா அவளைப் பேசறதைக் கேக்க முடியலைங்க’ என்றார். அவர் போனதும் சுகுணா வந்தார். ‘எம்பேர்ல எழுதுங்க. அவருக்காச்சும் ஒண்ணு பொறக்கட்டும்’ என்றார். நான் யார் சொன்னதை எழுதுவது?”

“இருவரையும் கூப்பிடுங்கள்.”

வந்தார்கள். செண்பகவல்லி மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளும் ஒரே ஒரு பேனாவும் வைத்தார்.

“குறை யாருக்கோ அவர் பெயரை எழுதுங்கள்.”

இரண்டு கைகளும் ஒன்றாக நீண்டன. பேனா உருண்டு கீழே விழுந்தது.

“நீ எதுக்கு அம்மிணி எடுக்கற?” என்றார் பூபதி.

“நீங்க எதுக்கு எடுத்தீங்களாம்?”

“என்னை வேற ஒருத்திக்குக் கட்டிவெக்கலாம்னு இருந்தியாக்கும்?”

சுகுணா தரையைப் பார்த்தார். “உங்க மடியில ஒண்ணைப் பாக்கோணுங்க. எனக்குப் பொறக்காட்டியும் பரவாயில்ல.”

“எனக்கு உன்ற மூக்கோடதான் வேணும்.”

சுகுணா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாள் வாருங்கள்,” என்றார் செண்பகவல்லி. “முட்டை வளர மருந்து தருகிறேன். பிறகு விந்தணுவைக் கருப்பைக்குள் நாமே செலுத்திப் பார்ப்போம். மூன்று மாதம்.”

“கரு நிக்குங்களா, டாக்டரம்மா?” என்றார் சுகுணா.

“நிற்கலாம். நிற்காமலும் போகலாம். அப்போது அடுத்த வழியைப் பார்ப்போம்.”

சுகுணா தலையாட்டினார். கணவரின் சட்டை நுனியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

“வெளியே இருக்கும் அம்மாவுக்கு என்ன கொடுப்பது, மேடம்?” என்று கேட்டார் இளவேனில்.

செண்பகவல்லி குனிந்து பேனாவை எடுத்தார். தாளில் தம் பெயரை, பட்டங்களில் ஒன்றையும் விடாமல், எழுதி நீட்டினார்.

“இதைக் கொடுங்கள். காரணம் தெரியாதவள் நான்தானே.”