வலது மூலைக்கு மூன்று பேர்

கபடியில் ஏழு பேர் நிற்கும் வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்களை மூலைக்காரிகள் என்பார்கள். எதிரணியிலிருந்து 'கபடி, கபடி' என்று பாடி வருபவளின் காலைப் பிடிப்பது அவர்கள் வேலை. ஆனால் மூலைக்காரி தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவளின் கையைக் கோர்த்துக்கொண்டுதான் நிற்பாள். காலில் பாயும் கணத்தில் அந்தக் கையை விட்டாக வேண்டும். முன்கூட்டியே கையை விட்டால் பக்கத்தில் நிற்பவள் பின்தங்கிப்போவாள். விடாமல் பாய்ந்தால் அவளையும் இழுத்துக்கொண்டு விழுவாள்.

தென்காசிப் பக்கத்துப் பெண்கள் கபடிக் குழு ஒன்றில் வலது மூலைக்குக் கை கொடுத்து நிற்பவள் நவமணி. போன சீசனின் கடைசி ஆட்டத்தில் மூலைக்காரி ஜெசிந்தா பாய்ந்து விழுந்ததில் அவளுக்கு முழங்கால் போயிற்று. கூடவே விழுந்த நவமணிக்கு வலது தோள் நழுவியது. "விழும்போதும் கூட்டாளி கையை விடலை, பாத்தியளா" என்று பார்த்தவர்கள் ஜெசிந்தாவை மெச்சினார்கள். நவமணியும் மெச்சினாள். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாக ஆடுகிறவர்கள். தோளைச் சரிசெய்த டாக்டர் மட்டும், இன்னொரு முறை நழுவினால் கபடியை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்.

புது சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்கியது. பாடிப் போவதற்கு ஆள் இருந்தது, நடுவில் நிற்க ஆள் இருந்தது. வலது மூலைக்கு மட்டும் ஓர் இடத்துக்கு மூன்று பேர். கால் தேறி வந்திருந்த ஜெசிந்தா ஒருத்தி. குழுவின் செயலாளர் தவசிமுத்து வெளியூரிலிருந்து அழைத்து வந்திருந்த ராஜகனி ஒருத்தி. இத்தனை நாளும் வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தே பழகிய பேச்சித்தாய் மூன்றாமவள்.

"ராஜகனிதான்" என்றார் தவசிமுத்து. "ஜெசிந்தா ரிப்பேரான வண்டி. பேச்சி பெஞ்சுக்குத்தான் அழகு."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மூலைக்காரி யார் என்பதை அவளோடு கை கோர்க்கப்போகிறவள்தான் சொல்ல வேண்டும். நவமணி அதை எடுத்துச் சொன்னாள்.

"அதெல்லாம் பழைய கதை. நான் சொன்னாச்சு."

"அண்ணாச்சி, போட்டிருக்க சட்டை நீங்க வாங்கித் தந்தது. கை என்னோடது. அதை யார் பிடிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

"சொல்லிட்டு நீ வெளிய போய் உக்காரணும், பரவாயில்லையா?"

"உக்காந்துக்கிடுதேன். அப்பவும் நான் சொன்னதுதான்."

அவர் முகம் கறுத்தது. பின்னால் நின்ற பெண்கள் நவமணியின் முதுகில் இடித்தார்கள். "ஜெசிந்தா பேரைச் சொல்லுட்டி. இவரு மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

நவமணி யார் பெயரையும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு ரைடுக்கு மூலையில் நின்று காட்டட்டும் என்றாள். எதிரே பாடி வர, குழுவில் பாடிப் போகிற முத்துராணியை அழைத்தாள். தயவு தாட்சண்யம் பார்க்கிற பெண் அல்ல முத்துராணி.

முதலில் ராஜகனி நின்றாள். முத்துராணி எட்ட வரும்போதே நவமணியின் கையில் வெறும் காற்றுதான் இருந்தது. ராஜகனி தனியாகப் பாய்ந்து கணுக்காலைக் கவ்விவிட்டாள். நவமணி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "பிடியா இது, குறடு" என்று காலைத் தேய்த்தாள் முத்துராணி. தவசிமுத்து கைதட்டினார்.

அடுத்து ஜெசிந்தா. முத்துராணி காலை எட்டிப் போட்டாள். ஜெசிந்தா பாயவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் இல்லை. அவள் உள்ளங்கை வேர்த்து, நவமணியின் விரல்களை நெரித்தது. மூன்றாவது தடவை பாய்ந்தாள், கோர்த்த கையோடு. இருவரும் முத்துராணியின் மேல் போய் விழுந்தார்கள். ஆள் அவுட். பெண்கள் விசிலடித்தார்கள். ஜெசிந்தா நவமணியின் கையை ஊன்றித்தான் எழுந்தாள். நவமணி தோளை இடது கையால் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

கடைசியில் பேச்சித்தாய். முத்துராணி காலை நீட்டி, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். உடம்பின் பாரம் முழுக்கப் பின்னங்காலில் இருந்தது. பேச்சியின் விரல்கள் இறுகின. நவமணி ஓரடி முன்னே சாய்ந்தாள். விரல்கள் தளர்ந்தன. நவமணி நின்றுகொண்டாள். பேச்சி பாயவே இல்லை. முத்துராணி யாரையும் தொடாமல் திரும்பிப் போனாள்.

"ஏட்டி பேச்சி, தூங்கிட்டியா?" என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். முத்துராணி சிரிக்கவில்லை.

"பாத்தாச்சுல்லா" என்றார் தவசிமுத்து. "இப்பச் சொல்லு."

காலைப் பிடித்தவர்கள் இருவர். ஒருத்தி தன் பலத்தால் பிடித்தாள், ஒருத்தி தோழியை விடாமல் பிடித்தாள். மூன்றாமவள் பிடிக்கவே இல்லை. இதில் யார் செய்தது சரி? நவமணி யாருக்குத் தன் கையைக் கொடுத்தாள்?

விடை: பேச்சித்தாய்க்கு. பேச்சியின் முறையில் நீண்ட கால், மூலைக்காரியை விழவைக்கப் போட்ட தூண்டில். பாய்ந்திருந்தால் முத்துராணி தொட்டுவிட்டுப் போயிருப்பாள். அதைக் கண்டவள் பேச்சி ஒருத்திதான். போகிறேன் என்பதையும் போகவில்லை என்பதையும் பக்கத்தில் நின்றவளுக்கு விரலால் சொன்னவளும் அவள்தான். ராஜகனிக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்பதே நினைவில்லை. அவள் ஒற்றைப் பிடிக்கு அடங்காத ஒருத்தி எதிரணியில் வரும் நாளில் துணைக்கு யாரும் எட்டமாட்டார்கள். ஜெசிந்தா கையை விடாமல் இருந்தது பயத்தால். தன் முழங்காலை நம்பாமல் நவமணியின் தோளை நம்பினாள். செயலாளரை எரிச்சலூட்டுவதற்காக அவளை எடுத்திருந்தால், அதுவும் செயலாளர் எடுத்த முடிவாகத்தான் இருந்திருக்கும். அன்று சாயங்காலம் ஜெசிந்தா கேட்டாள்: "என் கையை விட்டுட்டியேட்டி." நவமணி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "ஆமா. நீ விடமாட்ட. அதான் நான் விட்டேன்."