எப்போது எழுந்திருப்பது

கோவாவில் ஆற்று நடுவே நிற்கும் ஒரு சூதாட்டக் கப்பலில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். ஞானம் தேடுவதற்கு ஏற்ற இடமில்லைதான். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்காதவர்கள் அங்கேதான் கூட்டமாகக் கிடைப்பார்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். முன்பு அந்தக் கப்பலில் போக்கர் என்ற சீட்டாட்டம் நடக்கும் அறையில் சீட்டுப் போடும் டீலராக வேலை பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு ஆடவே உட்கார்ந்துவிட்டார். சீடர் வைகுண்டமணி நாகர்கோவிலில் பாத்திரக் கடை வைத்திருந்தார். குருவைவிட வயதில் நன்றாக மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்றும், சீடர் குருவை டீச்சர் என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தா அவருக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருந்தார். கெட்ட சீட்டு வந்தால் கீழே போட்டுவிட வேண்டும். நல்ல சீட்டையும் சமயத்தில் கீழே போடத்தான் வேண்டும். எதிரில் இருப்பவர் அதிகம் பேசினால் பயப்பட வேண்டாம், பேச்சை நிறுத்தினால் பயப்படலாம். எல்லாம் வைகுண்டமணிக்குக் கைவந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருப்பது மட்டும் வரவில்லை.

போட்டி ஆட்டமென்றால் ஒருவர் ஜெயித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். இவர்கள் ஆடியது நேரடியாகக் காசு வைத்து ஆடும் கேஷ் கேம். அதற்கு முடிவு கிடையாது. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காருவார். சீட்டு வந்துகொண்டே இருக்கும்.

இந்த முறை வைகுண்டமணி தன் மனைவி ராஜகனியையும் கூட்டி வந்திருந்தார். கடல் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார். வந்த நாளிலிருந்து ராஜகனி லாட்ஜில் தனியாகக் கிடக்க, இவர் கப்பலிலேயே பழியாகக் கிடந்தார். இன்று காலை ராஜகனி பெட்டியில் துணிகளை மடித்து வைத்தபடி சொன்னார்.

"சாயங்கால ரயிலுக்கு நான் ஊருக்குப் போறேன். நீங்களும் வந்தா ஒரு வீடு. வரலைன்னா ரெண்டு வீடு."

ராஜகனி மிரட்டிப் பேசும் ஆள் இல்லை. அதுதான் வைகுண்டமணிக்குப் பயமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகு ஏறினார்.

இப்போது மதியம் தாண்டிவிட்டது. அவர் முன்னால், காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்புகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து தொட்டதெல்லாம் ஜெயம். இருந்தும் மேசைக்கு அடியில் முழங்கால் ஆடியபடியே இருந்தது. அந்த அறையில் சும்மா இருக்கும் கை ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் சிப்புகளைக் கலைத்து அடுக்குவார்கள், அடுக்கியதைக் கலைப்பார்கள். அந்தச் சத்தம் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் எழுந்தார். திரும்பி வருவார் என்பதற்கு அடையாளமாக டீலர் அவருடைய இடத்தில் ஒரு வட்ட வில்லையை வைத்தார். வைகுண்டமணி பக்கத்து மேசைக்குப் போய் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவரும் தன் இடத்தில் வில்லை வைக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"டீச்சர், எப்ப எந்திரிக்கணும்?"

"உங்க சிப்புல ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி."

வைகுண்டமணி போய்க் குவியலிலிருந்து ஒரு சிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெங்களூர்க்காரர் சத்தம் போட்டார். டீலரின் கை நின்றது. மேனேஜர் விரைந்து வந்தார்.

ஆடிக்கொண்டிருப்பவர் மேசையிலிருந்து சிப்பை வெளியே எடுக்கக் கூடாது என்று அவர் மரியாதையாகவே சொன்னார். கிளம்புவதென்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஆடுவதென்றால் ஒன்றைக்கூடத் தொட முடியாது. ஒருவர் ஜெயித்ததைத் திரும்ப ஜெயிக்க மற்றவர்களுக்கு வழி இருக்க வேண்டும், அதுதான் விதி.

வைகுண்டமணி சிப்பைத் திரும்ப வைத்தார். கடையில் கல்லாவிலிருந்து எடுத்து டீ குடிக்க யாரிடமும் கேட்டறியாதவர் அவர். காது மடல் சூடேறிப்போய்க் குருவிடம் வந்தார்.

"தெரிஞ்சேதான அனுப்புனீங்க?"

"ஆமா."

"எல்லாரும் என்னைக் களவாணியப் பாக்குத மாதிரி பாக்கான்."

"அந்தச் சிப்பு யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப கொண்டு வர வேண்டியதுதான?"

வைகுண்டமணி தன் குவியலைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

"புரிஞ்சிட்டு டீச்சர்."

"சரி."

புரிந்துகொண்டவர் கிளம்பத்தான் போனார். ஆனால் மேசையருகே போனபோது டீலர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். கலைத்த சீட்டில் தனக்கு என்ன வருகிறது என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. உட்கார்ந்தார். இரண்டு ராணிகள் வந்தன. இரண்டு ராணிகளைக் கையில் வைத்துக்கொண்டு யார்தான் எழுந்து போவார்? பெங்களூர்க்காரரிடம் இரண்டு ராஜாக்கள் இருந்தன. குவியலில் பாதி எதிர்ப்பக்கம் போனது.

மறுபடியும் ஜெசிந்தாவிடம் வந்தார்.

"பாதி போச்சு டீச்சர்."

"அப்ப எந்திரிக்கீங்களா?"

"இப்பவா? விட்டதைப் பிடிச்சிட்டு எந்திரிச்சிருதேன். முன்ன இருந்த அளவுக்கு வந்தாப் போதும். அதுக்கு மேல ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்."

சுவரோரம் ஓர் ஓசூர்க்காரர் இடம் கிடைக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தபடி இருந்தார். ஜெசிந்தா அவரைக் காட்டினார்.

"அவர்ட்ட போயி, எப்ப எந்திரிப்பீங்கன்னு கேளுங்க."

"அவரு இன்னும் உக்காரவே இல்லையே."

"கேளுங்க அண்ணாச்சி."

வைகுண்டமணி போய்க் கேட்டார்.

"நானா சார்? ஒரு மணி நேரம்தான். லைட்டா ஆடிட்டுக் கிளம்பிடுவேன், பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றார் ஓசூர்க்காரர். "நீங்க எந்திரிக்கிறீங்களா?"

"இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைகுண்டமணி திரும்பினார்.

"ஒரு மணி நேரமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. காலையில் தானும் ராஜகனியிடம் அதையே சொல்லிவிட்டு வந்தது வைகுண்டமணிக்கு ஞாபகம் வந்தது. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

நல்ல நேரமோ கெட்ட நேரமோ, சீட்டு திரும்பியது. போனது வந்தது. அதற்கு மேலும் வந்தது. ஜெசிந்தா வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"விட்டது வந்துட்டே அண்ணாச்சி."

"ம்."

"கேட்டதுக்கு மேலயே இருக்கு."

"இப்பதான் டீச்சர் சீட்டு வழிக்கு வருது" என்றார் வைகுண்டமணி, திரும்பிப் பார்க்காமல்.

அப்போது போன் அடித்தது. மேசையில் இருந்துகொண்டு பேசக் கூடாது. எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எடுத்தார்.

"ஆட்டோ வந்து நிக்கு" என்றார் ராஜகனி.

"இதோ, ராஜகனி."

"இதோன்னா? வாறீங்களா, வரலியா?"

வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வரவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ராஜகனி காத்திருந்தார். மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு போன் அடங்கியது.

கரைக்குப் போகும் படகு கிளம்பப் போகிறது என்று வாசலில் ஒருவர் அறிவித்தார். வைகுண்டமணியின் இடத்தில் டீலர் வில்லையை வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சீட்டைப் போட்டார். ஆட்டம் நடந்தது. வைகுண்டமணியின் ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

"டீச்சர், ஒரு வார்த்தை சொல்லுங்க. போன்னு சொன்னா போயிருதேன்."

ஜெசிந்தா நாற்காலியைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லித் தந்தீங்க. இதை மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கீங்க?"

வைகுண்டமணிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு ரயில் வந்திருந்தா என் கஷ்டம் தெரியும்."

ஜெசிந்தா பக்கத்து மேசையில் இருந்த தன் சிப்புகளைப் பார்த்தார்.

"வந்துது அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு நானும் ஜெயிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

வைகுண்டமணி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சிப்புகளை எல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்ப டீலரிடம் ஒரு டிரே வாங்கினார்.