காலடியில் வடக்கு

தென்கரை நாட்டுக்குத் திசைவாணர் பிரசண்டர் வந்து சேர்ந்ததிலிருந்து அவை விதூஷகன் அங்கமுத்துவுக்குச் சோறே இறங்கவில்லை. அந்த மனிதருக்கு அப்படி ஒரு தற்பெருமை! வலது கணுக்காலில் உலக்கைப் பூண் மாதிரி ஓர் இரும்புக் கழல்.

"வடநாட்டு மன்னர் தம் கையாலேயே பூட்டியது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

கையில் ஒரு பித்தளைப் பெட்டி. அதற்குள் திசை காட்டும் காந்த முள். அதை வைத்துச் செம்புச் சுரங்கத்தை அளந்து வரச் சொன்னார் மன்னர் வீரசிம்மர். பந்தம் பிடிக்க அங்கமுத்து கூடப் போனான். சுரங்கத்துக்குள் பிரசண்டர் வலது காலைச் சுரங்கம் வெட்டிப் போகும் பக்கமாக முன்னே நீட்டி உட்கார்ந்தார். பெட்டியை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். முள்ளைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார்.

மறுநாள் சபையில் கூப்பாடு போட்டார்.

"மன்னா, மோசம் போனோம்! கிழக்கே போகவேண்டிய சுரங்கம் வடக்கே, உங்கள் பொக்கிஷ அறைக்குப் போகிறது. சுரங்கத் தலைவன் குப்பாண்டி கன்னம் வைக்கிறான்!"

"ஐயோ சாமி, நூல் பிடிச்சுத்தானே வெட்டுனேன்!" என்று குப்பாண்டி கதறினான்.

"வெட்டுங்கள் இவன் கைகளை" என்றார் மன்னர். தண்டனை கொடுத்த பிறகு விசாரிப்பதுதான் அவர் வழக்கம். அங்கமுத்து எழுந்து கும்பிட்டான்.

"கொஞ்சம் பொறுங்கள் மன்னா. பிரசண்டரே, உங்கள் முள் பொய் சொல்லாதே?"

"பொய்யா? அது காட்டுவதுதான் வடக்கு!"

"அப்படியானால் நேற்று உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து காட்டுங்கள். சபையும் கண்டு களிக்கட்டும்."

பிரசண்டர் பெருமையோடு வாசலைப் பார்த்துக் கால் நீட்டி, முழங்காலருகே பெட்டியை வைத்தார்.

"வாசல் பக்கம் வடக்கு!"

"ஆகா! காலை அந்தத் தூண் பக்கம் திருப்புங்கள்."

கால் திரும்பியது. முள்ளும் கூடவே திரும்பியது. பிரசண்டர் அவசரமாகக் காலை இழுத்தார். முள் விடவில்லை, கழல் போன பக்கமெல்லாம் நாய்க்குட்டி மாதிரி ஓடியது.

"பார்த்தீர்களா மன்னா? இரும்பைக் கண்டால் காந்தம் விடுமா? சுரங்கம் ஒழுங்காகத்தான் போகிறது. ஐயாவின் கால்தான் பொக்கிஷத்துக்கு வழி காட்டியிருக்கிறது!"

மன்னர் முகம் சிவந்தது.

"குப்பாண்டியை விடுங்கள்! இந்த மடையனை வடக்கு எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்!"

"வடக்கே வேண்டாம் மன்னா" என்றான் அங்கமுத்து. "வடக்குதான் அவர் காலிலேயே இருக்கிறதே! நின்ற இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பார். தெற்கே துரத்துங்கள்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழலைக் கழற்றி உருக்கி, குப்பாண்டிக்கு நல்ல உளியாக அடித்துக் கொடுக்கச் சொன்னார்.